ஊரை விட்டுப் போகாமல் படம் எடுக்கப் பழகுவது: தோட்டத்துப் பட்டணத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கேமரா வாங்கியவர்கள் நிறைய. வாங்கி ஒரு வருடம் கழித்தும் அதைத் தொடுகிறவர்கள் சொற்பம். முதல் மாதம் கேமரன் மலை, அடுத்த மாதம் பினாங்குச் சுவரோவியம், தைப்பூசத்துக்குப் பத்துமலை. அப்புறம் பை அலமாரிக்கு மேலே ஏறிவிடும். கேட்டால், "நம்ம ஊர்ல எடுக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்பார்கள்.

புதிதாகப் பழகுகிறவர்களோடு நடந்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. திறமை எல்லோரிடமும் போதுமான அளவு இருக்கிறது. வரிசைதான் தலைகீழாகிப் போகிறது. கருவி முதலில், ஊர் சுற்றல் அடுத்து, லைக் அதற்கடுத்து, எதை எடுப்பது என்ற கேள்வி கடைசியில். கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். கேமரா பத்தாவது படியில்தான் வருகிறது. அதுவும் எல்லோருக்கும் வராது.

1. கைப்பேசியைத் தயார் செய்யுங்கள்

இப்போது கையில் இருக்கும் கைப்பேசியே போதும். அதில் நான்கு வேலைகள் உண்டு.

கேமரா கண்ணாடியைத் துடைக்கப் பழைய பருத்தித் துணி ஒன்றைச் சட்டைப்பையில் வையுங்கள். புதியவர்கள் காட்டும் மங்கலான படங்களில் பாதிக்குக் காரணம் விரல் எண்ணெய்தான். ரொட்டி சானாய் சாப்பிட்ட கையோடு எடுத்த படத்தில் தெருவிளக்கெல்லாம் கோடு கோடாக இழுத்துக்கொண்டு நிற்கும்.

அடுத்து, திரையில் கட்டக் கோடுகள் தெரியும்படி வையுங்கள். லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கூரையும் ரயில் தண்டவாளமும் சாய்ந்து விழாமல் இருக்க அது உதவும்.

மூன்றாவதாக, முகத்தை வெளுப்பாக்கி வழவழப்பாக்கும் அழகூட்டும் வசதியை அடியோடு நிறுத்துங்கள். சில கைப்பேசிகளில் அது கடையிலிருந்து வரும்போதே ஓடிக்கொண்டிருக்கும். வெயிலில் மர வரிசைகளில் நிரை நிரையாக நடந்து ரப்பர் பால் வெட்டிய ஒருவரின் முகச் சுருக்கத்தைத் துடைத்துவிட்டால் பிறகு படத்தில் அவர் எங்கே இருக்கிறார்?

கடைசியாக, ஒரு சிறிய நோட்டுப் புத்தகம். இதன் பயன் ஏழாவது படியில் தெரியும். முக்காலி, ஒட்டு லென்ஸ், வளைய விளக்கு எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

2. ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

முழு வழிகாட்டியிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான்.

"தோட்ட வாழ்க்கையை எடுக்கப் போறேன்" என்று கிளம்புகிறவர்தான் முதலில் களைத்துப் போவார். எங்கே நிற்பது என்றே அவருக்குத் தெரியாது. நாலு பக்கமும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். எல்லாம் எங்கேயோ பார்த்த படமாக இருக்கும்.

சின்னதாகத் தேர்ந்தெடுங்கள். காலைச் சந்தையில் மீன் வெட்டுகிற மேசை. லயத்து வாசற்படிகள். ரயில் நிலையத்து நடைமேடை. பழைய முடிதிருத்தும் கடை. தோட்டத்து முனீஸ்வரன் கோயில் மரத்தடி. பாட்டி வீட்டுச் சமையலறை. இவற்றில் ஒன்று போதும்.

தேர்ந்தெடுத்ததை மூன்று கேள்விகளால் சோதியுங்கள். மோட்டாரில் பத்து நிமிடத்துக்குள் போக முடியுமா? ஒவ்வொரு முறையும் யாரிடமும் கெஞ்சாமல் போக முடியுமா? கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க முடியுமா?

மூன்றாவதுதான் உண்மையான சோதனை. இந்தப் பொழுதுபோக்கில் கிடைக்கும் சந்தோஷத்தில் பெரும்பகுதி அந்த இடத்தில் இருப்பதிலிருந்து வருகிறது. அங்கே போவதற்குப் படம் ஒரு சாக்கு. பிடிக்காத இடத்துக்கு நல்ல படத்துக்காக மட்டும் போகிறவர், மழை பெய்யும் முதல் வாரமே நின்றுவிடுவார்.

இரண்டு இடங்கள் மனதில் போட்டியிட்டால், எது முதலில் மறையுமோ அதை எடுங்கள். பால் மரத்தை (ரப்பர்) வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நடுகிறார்கள். லயத்தை இடித்துத் தாமான் என்னும் புதுக் குடியிருப்பு கட்டுகிறார்கள். திருப்பணி நடந்தால் கோயிலின் பழைய சிவப்புத் தரை ஓடுகளுக்கடியில் போய்விடும். மலைக்கு அவசரம் இல்லை. அது அங்கேயேதான் இருக்கும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, இரண்டாவது வாரமே இடத்தை மாற்றுவது. குறைந்தது மூன்று மாதம் ஒரே இடத்துக்குப் போங்கள். முதல் சில தடவை எல்லோர் கண்ணிலும் படுவதைத்தான் நீங்களும் எடுப்பீர்கள். அது தீர்ந்துபோய், "இனி இங்கே ஒண்ணுமில்ல" என்று தோன்றுகிற நாளுக்குப் பிறகுதான் உங்கள் கண்ணுக்கு மட்டும் படுவது தொடங்கும். அங்குள்ள மனிதர்களும் அப்படித்தான். முதலில் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். சில வாரம் போனால் உங்களை மறந்து அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். படம் அப்போதுதான் வரும்.

3. அந்த இடத்தின் வெளிச்சத்தைப் படியுங்கள்

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் பழகுகிறவர்கள் தடுமாறும் இடம் இது. அங்கே சொல்லும் மாலைப் பொன்னொளி இங்கே அவ்வளவு நேரம் நிற்காது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், ஏறக்குறைய 5 பாகை வடக்கில் இருக்கிறோம். சூரியன் சரிவாக இல்லாமல் கிட்டத்தட்ட நேராக ஏறி நேராக இறங்குகிறது. பேராக் பக்கம் ஆண்டு முழுவதும் விடிவது ஏறக்குறைய 7 மணிக்கும் 7:30க்கும் இடையில், பொழுது சாய்வது மாலை ஏறக்குறைய 7 மணிக்கும் 7:30க்கும் இடையில். மென்மையான வெளிச்சம் விடிந்து ஒரு மணி நேரம், சாயுமுன் ஒரு மணி நேரம். அவ்வளவுதான். இருட்டு சட்டென்று வந்துவிடும்.

இன்னொன்று, நம் ஊரில் உச்சிப்பொழுது 12 மணிக்கு வருவதில்லை. நாட்டின் கடிகாரம் கிழக்கே தள்ளி வைக்கப்பட்டிருப்பதால், சூரியன் உச்சியைத் தொடுவது 1 மணிக்கும் 1:30க்கும் இடையில். எனவே காலை 9 மணி வெளிச்சம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை. பிற்பகல் 3 மணி வெளிச்சம் நினைப்பதைவிடக் கடுமை. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முன்பாதியிலும் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேலே வரும். அந்த நாட்களில் நடுப்பகலில் எடுத்தால் கண்குழி இரண்டும் கறுத்துப் போகும்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் இடத்துக்கு ஒரே வாரத்தில் மூன்று வெவ்வேறு நேரம் போய், ஒரே இடத்தில் நின்று ஒரே படத்தை எடுங்கள். விடிந்தவுடன் ஒன்று, 11 மணிக்கு ஒன்று, மழை விட்டதும் ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் இடம் எந்த நேரத்துக்குரியது என்று அதுவே சொல்லிவிடும். மீன் மேசைக்கு விளக்கு எரியும் அதிகாலை, முடிதிருத்தும் கடைக்கு முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையில் நிழல் விழும் பிற்பகல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு.

தோட்டத்துக்குள் என்றால், செம்பனைக்கும் பால் மரத்துக்கும் வெளிச்சம் வேறு. செம்பனை மட்டைகளுக்கு இடையில் வெயில் துண்டு துண்டாக விழும். முகத்தில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. மேகமூட்டமான நாளில் போங்கள், அல்லது ஆளை மண்பாதை ஓரத்து முழு நிழலுக்கு அழையுங்கள். பால் மரம் மென்மையானது. மேலே உயர்ந்த இலைப்பந்தல் வெயிலை வடிகட்டிவிடும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் மரங்கள் சிவந்து இலை உதிர்க்கும்போது அதே நிரை அடையாளம் தெரியாமல் வெளுத்துத் திறந்துகொள்ளும். பிறகு செம்பு நிறத்தில் கொழுந்து வரும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கிடைப்பது. நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

புகைமூட்டக் காலத்தில் தூரக் காட்சியை விட்டுவிடுங்கள். வெளியே காற்று மோசமென்றால் வீட்டுக்குள்ளேயே சன்னலோரம் எடுக்கலாம்.

4. அனுமதியைக் கேமரா திறக்குமுன் கேளுங்கள்

தோட்டம் தனியார் நிலம். நாம் அங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் சரி, தாத்தா அங்கே கங்காணியாக இருந்திருந்தாலும் சரி. முதல் முறை அலுவலகத்துக்குப் போய் கிராணியிடமோ (எழுத்தர்) நிர்வாகியிடமோ சொல்லிவிடுங்கள். தோட்டத்தின் எந்தப் பிரிவு (டிவிஷன்), எந்த நேரம், எதற்காக என்ற மூன்றையும் சொன்னால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். சொல்லாமல் போனால் காவலாளி திருப்பி அனுப்புவார். அந்த அவமானத்திலேயே ஆசை விட்டுப்போனவர்களைத் தெரியும்.

குலை வெட்டுகிற இடத்தில் பக்கத்தில் நிற்காதீர்கள். நீளக் கம்பின் நுனியில் இருக்கும் அரிவாள் இழுக்கப்படும்போது மட்டையும் குலையும் எந்தப் பக்கம் சாயும் என்று வெட்டுகிறவருக்குத்தான் தெரியும். சப்பாத்துப் போட்டுப் போங்கள். வெட்டிக் குவித்த மட்டைகளுக்கு அடியில் பாம்பு இருக்கும்.

இப்போது தோட்ட வேலையில் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் நிறைய. கேமராவைக் கண்டதும் அவர்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வெட்கம் என்று நினைத்துத் துரத்தாதீர்கள். ஆவணச் சிக்கல் உள்ளவருக்கு ஒரு படம் வெளியே போனால் பிழைப்பே போய்விடும். தலையசைத்துச் சம்மதம் தந்தால் மட்டும் எடுங்கள். எடுத்ததை அவரிடம் காட்டுங்கள்.

கோயிலில் கருவறையை எடுக்காதீர்கள். மற்றதற்குப் பூசாரியைக் கேளுங்கள். அருள் வந்து ஆடுகிறவரை எடுப்பது அவரவர் மனசாட்சி. என்னைக் கேட்டால், மறுநாள் அவரிடம் காட்டக் கூச்சப்படுகிற படத்தை எடுக்காதீர்கள். பிள்ளைகளை எடுக்க அம்மா அப்பாவிடம் கேட்க வேண்டும். பிள்ளையே ஓடிவந்து நின்றாலும் கேட்க வேண்டும்.

வயதானவர்களிடம் வேறு மாதிரி. "பாட்டி, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்றால், "எனக்கு எதுக்குப்பா படம், இரு, சேலைய மாத்திட்டு வரேன்" என்று உள்ளே போவார். புதியவர்கள் உடனே, "வேணாம் பாட்டி, அப்படியே இருங்க, அதான் அழகு" என்று தடுப்பார்கள். தடுக்காதீர்கள். அவர் எப்படித் தெரிய விரும்புகிறாரோ அந்தப் படம் அவருக்கு உரியது. பட்டுச் சேலையும் விபூதியுமாக வந்து, கையை முழங்காலில் வைத்து விறைப்பாக உட்காருவார். அதை ஒழுங்காக எடுங்கள். எடுத்து முடித்ததும் தோள் இறங்கி, "ஆச்சா?" என்று மருமகளைப் பார்த்துச் சிரிப்பார். உங்களுக்குரிய படம் அது. இரண்டையும் அச்சிட்டுக் கொடுங்கள். அவர் சட்டம் போட்டு மாட்டுவது நிச்சயம் முதல் படத்தைத்தான்!

5. ஒவ்வொரு முறையும் ஐந்து படம்

போன இடத்தில் கைக்கு வந்தபடி நூறு எடுத்தால் வீட்டில் உட்கார்ந்து பார்க்கவே மனம் வராது. ஐந்து என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் நிற்க வேண்டியிருக்கும்.

முதலாவது, இடம் முழுவதும் தெரியும்படி தூரத்திலிருந்து. பின்னால் வருகிறவருக்கு இது எந்த இடம் என்று தெரிய வேண்டும். இரண்டாவது, ஆள் முழுதாக, செய்கிற வேலையோடு. மூன்றாவது, முகம். நான்காவது, கை. ஐந்தாவதை உடனே எடுக்காதீர்கள். கைப்பேசியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். ஏதாவது நடக்கும், அப்போது எடுங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் நான்கோடு திரும்புங்கள்.

கையைத் தனியாக எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முகம் கேமராவைக் கண்டதும் மாறிவிடும். கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. பால் வெட்டுகிற அக்கா ஒருவர் மரத்தடியில் நின்று, வெட்டின கோட்டில் காய்ந்து கிடக்கும் பாலை நூலாக உரிப்பதைக் கிட்டே போய்ப் பாருங்கள். கட்டைவிரல் நகத்தால் நுனியைக் கிளப்பி, ஒரே இழுப்பில் கோடு முழுவதையும் எடுத்து, சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, பால் வடியும் மங்குக் கிண்ணத்தை நிமிர்த்தி வைப்பார். விரல் இடுக்கில் பழைய பால் கறுத்து ஒட்டியிருக்கும். இத்தனையும் சில நொடிகளில் முடிந்துவிடும். அடுத்த மரத்திலும் அதையே செய்வார் என்பதால் நீங்கள் அங்கே காத்திருக்கலாம்.

இனி, கைப்பேசி செய்யும் தொல்லைகள்.

கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகலமானது. முகத்துக்கு ஒரு முழத்தில் நின்று எடுத்தால் மூக்கு பெரிதாகிக் காது பின்னால் போய்விடும். இரண்டு மூன்று எட்டு பின்வாங்கி, 2 மடங்கு என்ற அளவில் எடுங்கள். அதற்கு மேல் போனால் பல கைப்பேசிகளில் படம் குழையத் தொடங்கும்.

வெள்ளைச் சுவருக்கோ வெளுத்த வானத்துக்கோ முன்னால் கறுத்த முகம் இருந்தால், கைப்பேசி பின்னணியைப் பார்த்து முகத்தை இருட்டாக்கும். முகத்தின் மேல் விரலால் தொட்டு, பிறகு வெளிச்ச அளவைக் கொஞ்சமாக ஏற்றுங்கள். இருட்டு வீட்டில் இதற்கு எதிர். கைப்பேசி எல்லாவற்றையும் வெளுப்பாக்கி, கறுப்புத் தோலைச் சாம்பலாக்கிவிடும். அங்கே வெளிச்ச அளவை இறக்க வேண்டும். தீபாராதனைக்கும் அதேதான். சுடரில் மஞ்சள் தெரியும் வரை இறக்குங்கள். சுற்றி இருட்டாவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

பின்னணியை மங்கலாக்கும் வசதி கூந்தலையும் மல்லிகைச் சரத்தையும் சேர்த்துக் கடித்துத் தின்னும். தவிர்த்துவிடலாம். ஒளிவீச்சை (ஃபிளாஷ்) அணைத்தே வையுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டுமென்றால் ஆளை வாசலுக்கு அழைத்து வெளியே பார்க்க உட்காரவையுங்கள். கூரை நிழலும் திறந்த முன்பக்கமும் உள்ள லயத்து வாசல் எந்தப் படக்கடைக்கும் குறைந்ததில்லை.

6. மூன்று மாதம் வெளியே போடாதீர்கள்

வீட்டாரிடம் காட்டலாம். படத்தில் இருப்பவரிடம் கட்டாயம் காட்டுங்கள். முகநூல், இன்ஸ்டாகிராம், குடும்ப வாட்சப் குழு மூன்றும் இப்போது வேண்டாம்.

காரணம் எளிது. உங்களுக்கு எது பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரிவதற்குள், மற்றவர்களுக்கு எது பிடிக்கிறது என்று எண்ணிக்கையில் தெரிந்துவிடும். சூரிய அஸ்தமனத்துக்கு நூறு லைக், வாசற்படிக்கு ஏழு. அடுத்த வாரம் கால் தானாக அஸ்தமனம் பார்க்கப் போகும். அதற்கப்புறம் எடுக்கிறது நீங்களா, அவர்களா?

7. தேர்ந்தெடுங்கள், எழுதுங்கள், தரையில் பரப்புங்கள்

எடுத்த அன்றே எதையும் அழிக்காதீர்கள். அன்று உங்களுக்கு நினைவிருப்பது எடுக்கப் பட்ட பாடு. அதனால் கஷ்டப்பட்டு எடுத்தது நல்ல படமாகத் தோன்றும். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். படம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

வாரத்துக்கு ஒன்று தேர்ந்தெடுங்கள். அதற்கு நோட்டில் நாலு வரி: யார், எங்கே, எந்த நாள், அப்போது என்ன பேச்சு நடந்தது. கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை. அதை விட்டுவிட்டால் பத்து வருடம் கழித்து உங்களிடம் பெயரும் தேதியும் மட்டும் இருக்கும். "மழ வந்தா வெட்டு இல்ல, வெட்டு இல்லன்னா காசு இல்ல" என்று அவர் சொன்னது படத்துக்குள் தெரியாது.

மூன்று மாதம் முடிந்ததும், தேர்ந்தெடுத்தவற்றை எல்லாம் அச்சிட்டுக் கூடத்துத் தரையில் பரப்புங்கள். கைப்பேசித் திரையில் செய்தால் இது வேலை செய்யாது. ஒன்றையொன்று பக்கத்தில் வைத்து இடம் மாற்ற வேண்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி: நான் தேடாமலே திரும்பத் திரும்ப வந்திருப்பது எது?

பழைய லயத்து வீடுகளை எடுப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் இப்படிப் பரப்பினார். எல்லாப் படத்திலும் சாலையைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. சிவப்பு, நீலம், கால் உடைந்து கம்பி கட்டியது என்று ஒவ்வொரு வாசலிலும் ஒன்று. அவருக்கு வீட்டின் மேல் அவ்வளவு ஆர்வமில்லை என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வாரம் அந்த நாற்காலிகளில் உட்காருகிறவர்களைத் தேடிப் போனார். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் வரும் பாதையைப் பார்க்கப் போட்ட நாற்காலிகள் அவை. அவர் அம்மாவும் அப்படி ஒன்றில் உட்காருகிறவர். இப்போது அந்தத் தம்பியை யாரும், "எடுக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்க முடியாது.

உங்களுக்கு அப்படி எதுவும் தெரியாமல் போகலாம். அவசரமில்லை. இன்னும் மூன்று மாதம் போய்விட்டுப் பரப்புங்கள். அழகான சொல்லைத் தேடிப் படங்களுக்குத் தலைப்பு வைத்துவிடாதீர்கள். வைத்த தலைப்புக்கு ஏற்றபடி எடுக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

8. அச்சிட்டுக் கொடுங்கள்

படம் எடுக்கப்பட்டவர் கையில் அச்சுப்படத்தைக் கொடுப்பது இந்தப் பொழுதுபோக்கின் பாதிச் சந்தோஷம். அடுத்த முறை போகும்போது நாற்காலி எடுத்துப் போட்டுத் தேநீர் தருவார்கள். பழைய ஆல்பத்தைத் திறந்து காட்டுவார்கள். எந்த லென்ஸும் உங்களை அங்கே கொண்டுபோய் விடாது.

4ஆர் அளவு, அதாவது 4க்கு 6 அங்குலம், போதும். பட்டணத்துப் படக்கடையில் ஒன்று ஒரு கோப்பை தே தாரேக் தேநீரைவிடக் குறைந்த விலைதான். நல்ல தெளிவுக்குக் குறைந்தது 1200க்கு 1800 புள்ளிகள் வேண்டும். எந்தக் கைப்பேசிப் படத்திலும் அது உண்டு, வாட்சப்பில் சாதாரணமாக அனுப்பிச் சுருங்கிப் போகாதவரை. கடைக்கு அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள்.

இரண்டு இடங்களில் புதியவர்கள் ஏமாறுவார்கள். கைப்பேசிப் படத்தின் வடிவம் 4க்கு 3. 4ஆர் தாளின் வடிவம் 3க்கு 2. படுக்கைவாக்கில் எடுத்த படத்தைக் கடை இயந்திரம் மேலும் கீழும் வெட்டிவிடும். பாட்டியின் கொண்டையும் காலும் போய்விடும். நீங்களே முன்கூட்டி 3க்கு 2 ஆக வெட்டிக் கொடுங்கள், அல்லது வெள்ளை ஓரம் விட்டு முழுப்படமாக அச்சிடச் சொல்லுங்கள். மற்றது இருட்டு. ஒளிரும் திரையில் சரியாகத் தெரிவது தாளில் ஒரு படி மங்கும். முகத்தை எப்போதும் பார்ப்பதைவிடக் கொஞ்சம் வெளிச்சமாக்கி அனுப்புங்கள்.

பின்பக்கம் முழுப்பெயர், தோட்டம், டிவிஷன், தேதி எழுதுங்கள். பந்துமுனைப் பேனாவால் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மெல்லிய முனை கொண்ட அழியா மைப் பேனாவால் எழுதி, காயவிட்டு அடுக்குங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டால் படம் கண்ணாடியைத் தொடாமல் நடுவில் அட்டை ஓரம் இருக்கட்டும். நம் ஊர் ஈரத்தில் பளபளப்புத் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

யாராவது பழைய ஆல்பத்தைக் காட்டினால், பசைத் தாளில் ஒட்டிப்போன படங்களைப் பிய்க்காதீர்கள். ஆல்பத்தைச் சன்னலோரம் வைத்து, பிளாஸ்டிக் உறையை மெதுவாகத் தூக்கி, ஒளிவீச்சு இல்லாமல் நேர் மேலிருந்து எடுங்கள். யார் யார் என்று அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

9. பூஞ்சணமும் பிரதியும்

படங்கள் மூன்று இடத்தில் இருக்கட்டும்: கைப்பேசி, ஒரு வெளி வட்டு, ஒரு இணையச் சேமிப்பு. கைப்பேசி தண்ணீரில் விழுந்த அன்று இதைப் பற்றி யோசித்துப் பயனில்லை.

அச்சுப்படங்களையும், பின்னால் கேமரா வாங்கினால் லென்ஸையும், துணி அலமாரியில் வைக்காதீர்கள். ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். இங்கே அது சாதாரண நாள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, சின்ன ஈரமானி ஒன்று வைத்து, 40 முதல் 50க்குள் வைத்திருங்கள்.

10. கேமரா வாங்கலாமா?

கைப்பேசியால் எடுக்க முடியாமல் போன மூன்று குறிப்பிட்ட படங்களை நோட்டில் எழுதிக் காட்ட முடிந்தால் வாங்கலாம். "தீமிதியில ஓடுற ஆள் குழம்பிப் போயிட்டார்", "விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில பால் வெட்டுறது புள்ளி புள்ளியா வருது" என்பவை காரணங்கள். "நல்ல தரமா இருக்கும்ல" என்பது காரணமில்லை.

பயன்படுத்திய கேமராவே போதும். லென்ஸ் விலை குறைந்த, வெளிச்சம் அதிகம் உள்வாங்கும் ஒன்று: கேமராவில் முழுச் சட்ட உணரி (ஃபுல் ஃப்ரேம்) என்றால் 50 மிமீ எப்1.8, அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி உணரி என்றால் 35 மிமீ. இரண்டிலும் பார்வை அகலம் ஏறக்குறைய ஒன்றுதான். ஜூம் இல்லாததால் நீங்களே கிட்டே போக வேண்டியிருக்கும். அதுதான் வேண்டியதும். ஷட்டர் வேகத்தை நடக்கிற ஆளுக்கு 1/125 வினாடி, ஓடுகிற ஆளுக்கு 1/500 என்று தொடங்குங்கள். இருட்டில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவை, ஏற்றத் தயங்காதீர்கள். புள்ளி விழுந்த படத்தைப் பார்க்க முடியும், குழம்பிய படத்தைப் பார்க்க முடியாது.

வாங்குமுன் லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி இழை போல் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் பூஞ்சணம். எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கைப்பிடி ரப்பர் பிசுபிசுத்தாலும் யோசியுங்கள்.

கடனுக்கு வாங்காதீர்கள். தவணை கட்டுகிறவர் அதைச் சம்பாதிக்கக் கல்யாணப் படம் எடுக்கப் போவார். அது நல்ல தொழில்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை சந்தை மீன் மேசைப் பக்கம் நிற்க அவருக்கு நேரம் இருக்காது.

11. சலிப்பு வரும்போது

வரும். பெரும்பாலும் இரண்டாம் மாதத்தில். அப்போது இடத்தை மாற்றாமல் தூரத்தை மாற்றுங்கள். எப்போதும் நின்று எடுத்தால் ஒரு வாரம் வாசற்படியில் உட்கார்ந்து எடுங்கள். ஒரு நாள் கைப்பேசியைக் கொண்டுபோகாமல் போய், எடுத்திருக்க வேண்டிய ஐந்து படங்களை நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

துணை இருந்தால் இன்னும் நல்லது. ஒருவரே போதும், குழு வேண்டாம். ஒரே இடத்துக்கு இரண்டு பேரும் போய், வீட்டுக்கு வந்து கைப்பேசியை மாற்றிக்கொண்டு, ஒருவர் படத்தில் மற்றவர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஏன் என்று சொல்ல வேண்டும். "சூப்பரா இருக்கு" என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படத்தில் இருப்பவரிடமும் கேட்கலாம். நாலைந்தைக் கொடுத்து, "அண்ணே, இதுல நீங்க யாரு மாதிரி இருக்கீங்க?" என்று கேளுங்கள். தன் அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். நோட்டைத் தயாராக வையுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் அந்த இடம் இழுக்கவில்லையென்றால் தயங்காமல் விட்டுவிட்டு, இரண்டாவது படிக்குத் திரும்பி வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள். பழைய இடத்தில் யாருக்காவது தருவதாகச் சொன்ன அச்சுப்படம் பாக்கி இருந்தால், புது இடத்துக்குப் போகுமுன் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.